கேமராவுக்குக் காட்டிய அட்டை

அடி விழுந்துகொண்டிருக்கும்போது ஒரு மனிதர் தன் முகத்தை மறைத்துக்கொள்ளாமல், கையிலிருந்த ஓர் அட்டையைக் கேமராவை நோக்கி எதற்காகத் தூக்கிக் காட்டினார்? மூன்று வருடங்களாக இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை. கேமராவின் மறுமுனையில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அது அவருக்குத் தெரியும். அந்த அட்டை இப்போது என் வீட்டு பீரோவுக்குப் பின்னால் இருக்கிறது. பிரின்டர் மை வந்த பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிழித்து, மீன் வலை கட்டும் நைலான் நூலை மேலே கோர்த்து, கறுப்பு மார்க்கரில் பெரிதாக ‘சர்வர் டவுன்’ என்றும், அதற்குக் கீழே சின்னதாக ‘ஆரன் அடிக்காதே’ என்றும் எழுதிய அட்டை. ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை உண்டு. அது தேநீர்க் கறையாக இருக்கலாம் என்று சில நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில், உப்பளங்களை ஒட்டி இருக்கும் ஒரு தனியார் கண்டெய்னர் யார்டில் அப்போது எனக்கு வேலை. இப்போதும் அங்கேதான். அவர் அந்த யார்டின் கேட் சூப்பர்வைசர். எல்லாருக்கும் கேட் அண்ணாச்சி. இளவயதில் சங்கு குளித்தவர். ஒரு தடவை ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்ததில் இடது காதுச் சவ்வு கிழிந்துபோனதாம். அன்றிலிருந்து அந்தக் காது சுத்தமாகக் கேட்காது. அதனால் எப்போதும் கத்தித்தான் பேசுவார். அவரை நல்லவராகக் காட்ட எனக்கு ஆசைதான், ஆனால் அது சரியாகாது. டயரில் காற்று இருக்கிறதா என்று தட்டிப் பார்க்க லாரிக்காரர்கள் வைத்திருப்பார்களே, ஒரு முழ நீள இரும்புக் கம்பி, அப்படி ஒன்றை யாரோ ஒரு டிரைவரிடமிருந்து பிடுங்கித் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். வரிசை தவறி வரும் வண்டியின் கதவில் அதை ஓங்கி அடிப்பார். ஒருமுறை ஒரு டிரெய்லர் டிரைவர் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு வாய்க்கு வாய் பேசினார் என்று, அந்த விரல்களின் மேலேயே கம்பியை இறக்கினார். நான் அப்போது பக்கத்து மேசையில் கணினியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். நகம் உடைந்த அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காததுபோலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கம்பியை விட அந்த அட்டையைத்தான் டிரைவர்கள் அதிகமாக வெறுத்தார்கள். யாராவது அவரைத் திட்டினாலோ, வரிசையில் நின்றவன் முறைத்தாலோ, உடனே ஜன்னலை இழுத்து மூடி அட்டையைத் தொங்கவிடுவார். அரை மணி, ஒரு மணி எந்த வண்டியும் நகராது. பிறகு இன்டர்காமில் என்னைக் கூப்பிடுவார்.

“ஏளா கம்ப்யூட்டரு, ஒன் சர்வருக்கு இன்னைக்குக் காச்சலு. கொஞ்ச நேரம் படுத்துக் கெடக்கட்டும்.”

“அண்ணாச்சி, மேனேஜர் கேட்டா நான் என்ன சொல்ல?”

“செத்துப் போச்சுன்னு சொல்லு. சாயங்காலம் அடக்கம்னு சொல்லு.”

நானும் சிரித்திருக்கிறேன். அட்டை தொங்கினால் சர்வர் நன்றாக ஓடுகிறது, அண்ணாச்சிக்குத்தான் கோபம் என்பது யார்டில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. டிரைவர்களுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்போதே நான் ஒரு தடவையாவது மறுத்துச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போது தோன்றுகிறது. அவரோடு சேர்ந்து சிரித்தது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்கு அளக்கத் தெரியவில்லை.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. எங்கள் சர்வர் அறையில் இருந்தது ஒரே ஒரு பெரிய இயந்திரம். அதற்குள் மென்பொருளாலேயே உண்டாக்கிய பல கணினிகள் தனித்தனியாக ஓடும். ஒன்று கேட்டைப் பார்த்துக்கொள்ளும், ஒன்று எடை மேடையை, ஒன்று கேமராக்களை. இத்தனைக்கும் வெளியுலகத்துக்குப் போக வழி இரண்டு கேபிள்கள்தான். அந்த இரண்டையும் இரண்டு வேறு சுவிட்சுகளில் செருகி, ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுவோம். கயிற்றால் கட்டுவதல்ல, கட்டளையால் கட்டுவது. ஒன்று அறுந்தால் அந்த நொடியே மற்றது சுமையை வாங்கிக்கொள்ளும். உப்புக் காற்றில் கேபிள் முனைகள் பச்சை பிடித்துச் சாகிற ஊரில் இது அவசியம். கேமராப் படங்கள் வழியெல்லாம் அடைத்துக்கொண்டு கேட்டின் வேலையைத் தாமதப்படுத்தியதால், இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்துப் பிரித்தேன். எந்தெந்த எண்ணை உள்ளே விடலாம் என்று ஒவ்வொரு சுவிட்சிலும் ஒரு பட்டியல் இருக்கும். பட்டியலில் இல்லாதது வந்தால் சுவிட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். முதல் சுவிட்சில் கேட்டின் எண், கேமராவின் எண் இரண்டையும் எழுதினேன். இரண்டாவது சுவிட்சில் கேமராவின் எண்ணை மட்டும் எழுதினேன். கேட்டின் எண் விட்டுப்போனது.

விட்டுப்போனதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கட்டி முடித்ததும் ஒரு கேபிளைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். நானும் பிடுங்கினேன். எதிரே இருந்த பெரிய திரையில் கேமராப் படங்கள் ஒரு கண் சிமிட்டலுக்குப் பிறகு ஓடிக்கொண்டே இருந்தன. சரி, மற்றது வாங்கிக்கொண்டது என்று நினைத்தேன். கேட்டையும் தனியாகப் பார்த்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. என் மகனுக்கு அப்போது பத்து மாதம். காய்ச்சல் நூற்று மூன்று, உடனே வாருங்கள் என்றார்கள். கேபிளைத் திரும்பச் செருகிவிட்டுப் பையை எடுத்தேன். இன்டர்காம் அடித்தது. “ஏளா, இங்கன ஒரு நிமிசம் எல்லாம் நின்னு போயி வந்துச்சே, என்ன செஞ்ச?” என்றார் அண்ணாச்சி. “ஒண்ணுமில்ல அண்ணாச்சி, சரியாயிட்டு” என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினேன். அவர் என்னை எச்சரித்தார் என்பது பின்னால்தான் உறைத்தது. அவர் சொல்வதை நம்பாத பழக்கம் மற்றவர்களைப்போல எனக்கும் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து, சித்திரை வெயிலில், ஒரு முற்பகல். அன்று மாலைக் கப்பலுக்குச் சரக்கு ஏற்றக் கடைசி நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாசலிலிருந்து உப்பளத் திருப்பம் வரை டிரெய்லர்கள். அவற்றில் சில இறால் ஏற்றிய குளிர்பெட்டகங்கள். உள்ளே குளிர் போனால் சரக்கு மொத்தமும் போச்சு. பதினொரு மணிக்குக் கொஞ்சம் பிந்தி இன்டர்காம் அடித்தது.

“ஏளா, எல்லாம் செத்துப் போச்சு. எதை அமுக்குனாலும் சுத்திக்கிட்டே கெடக்கு. இன்னைக்கு நெசமாவே போச்சுளா.”

எதிரே திரையைப் பார்த்தேன். எல்லாக் கேமராக்களும் பளிச்சென்று ஓடின. அவருடைய வழுக்கைத் தலைகூடத் தெரிந்தது. “இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. ஒங்க கம்ப்யூட்டர ஒருக்கா அணைச்சுப் போடுங்க” என்றேன். அணைத்துப் போட்டார். மறுபடியும் கூப்பிட்டார். மூன்றாவது முறை நான் எடுக்கவே இல்லை. மகனுக்கு முதல் நாள்தான் தடுப்பூசி போட்டிருந்தோம். காப்பகத்துக்கு போன் செய்து அவன் பால் குடித்தானா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் கேபிளின் முனை பச்சை பிடித்து விழுந்துவிட்டது என்றும், எல்லாச் சுமையும் இரண்டாவது கேபிளுக்கு மாறிவிட்டது என்றும் சொல்கிற எச்சரிக்கை மின்னஞ்சல் என் பெட்டிக்கு அதற்குள் வந்திருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. திரை ஓடுகிறதே என்று இருந்தேன். நான் எழுதிய பட்டியல் கேமராவை விட்டு, கேட்டைத் தடுத்துக்கொண்டிருந்தது.

அண்ணாச்சி ஜன்னலை மூடி அட்டையைத் தொங்கவிட்டார். பெட்டக எண்ணைக் கணினியில் பதியாமல் உள்ளே விட்டால் அந்தப் பெட்டகம் கப்பலேறாது, அதனால் வாசல் தடுப்புக் கம்பத்தைக் கையால் தூக்கிவிடவும் முடியாது. ஒரு மணி நேரம் கழிந்தது. தடுப்புக் கம்பத்தைச் சுற்றி டிரைவர்கள் கூடுவதைத் திரையில் பார்த்தேன். யார்டு மேனேஜர் போனில் கேட்டார்: “என்னம்மா, நெட்வொர்க்ல ஏதும் பிரச்சினையா?” நான் சொன்னேன்: “இல்ல சார். நெட்வொர்க் நல்லாத்தான் இருக்கு.” இந்த ஒரு வாக்கியத்தை எத்தனையோ தடவை என் வாயிலிருந்து திரும்ப எடுக்கப் பார்த்திருக்கிறேன். மேனேஜர் நேராக வாசல் ஒலிபெருக்கிக்குப் போனார். கோபம் நிர்வாகத்தின் மேல் திரும்பிவிடக் கூடாது என்று நினைத்திருப்பார். “சர்வர் எல்லாம் நல்லா ஓடுது. ஏன் தெறக்கலன்னு கேட்ல இருக்கவர்ட்டயே கேளுங்க” என்று அறிவித்தார்.

அதன் பிறகு நடந்தது எல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. எங்கள் கேமராக்களில் ஒலி கிடையாது. முதல் கல்லில் ஜன்னல் கண்ணாடி வெள்ளையாக நொறுங்கியது. அவர்கள் இடது பக்கமிருந்து வந்தார்கள். அவருக்குக் கேட்டிருக்காது. சட்டைக் காலரைப் பிடித்து, உடைந்த ஜன்னல் வழியாகவே வெளியே இழுத்தார்கள். வயிறு கண்ணாடியில் உரசிக்கொண்டு வந்தது. கீழே விழுந்தவரை ஒருவர் மிதித்தார், இன்னொருவர் மிதித்தார், பிறகு எத்தனை கால்கள் என்று எண்ண முடியவில்லை. அவருடைய கம்பியை யாரோ உள்ளேயிருந்து எடுத்து வந்தார்கள். அதை வாங்கி ஓங்கியவரின் இரண்டு விரல்கள் வளைந்திருந்தன. யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. முதல் அடி முழங்கையில். இரண்டாவது தோளில். அப்போதுதான் அவர் ஜன்னலிலிருந்து தன்னோடு சேர்ந்து விழுந்த அட்டையை எடுத்து, விளக்குக் கம்பத்தின் மேலிருக்கும் கேமராவை நோக்கி, நேராக என்னை நோக்கி, தூக்கிக் காட்டினார். தலையை மூட வேண்டிய கை அது. மூன்றாவது அடி வலது கண்ணில் விழுந்தது. அவர் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று தெரியாது.

அந்தக் கணத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. மின்னஞ்சலைத் திறந்தேன். இரண்டாவது சுவிட்சுக்குள் போய்ப் பட்டியலைப் பார்த்தேன். கேட்டின் எண் இல்லை. அவசரத்தில் இரண்டு தடவை தப்பாக அடித்து, மூன்றாவது தடவை சரியாக அடித்தேன். ஒரு வரிதான். எந்தக் கம்பியும் யாரையும் அடிக்காமல் இருக்க அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. உதவி செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அண்ணாச்சி அவ்வளவு நேரமும் அழுத்தி அழுத்திப் பார்த்த கட்டளைகள் எல்லாம் எங்கோ வரிசையில் காத்துக் கிடந்திருக்கின்றன. வழி கிடைத்ததும் அவை ஒன்றாக ஓடி வந்தன. தரையில் ரத்தத்தோடு கிடந்தவருக்கு மேலே தடுப்புக் கம்பம் தானாக உயர்ந்தது.

நான் கீழே ஓடிப் போனபோது வண்டிகள் நகரத் தொடங்கியிருந்தன. ஒரு டிரெய்லரின் முன்சக்கரம் அவர் தலைக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தது. “அடிச்சதும் தெறந்துட்டு பாத்தியளாவே!” என்று ஒருவர் கத்தினார். “இம்புட்டு நேரமும் மூதி வேணும்னேல்லா மூடி வச்சிருந்திருக்கான்!” என்றார் இன்னொருவர். யாரோ காறித் துப்பினார்கள். அவர் வலது கண் இருந்த இடத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. பக்கத்தில் கிடந்த அட்டையை எடுத்துக்கொண்டேன். மிதிபட வேண்டாம் என்றா, யார் கையிலும் சிக்க வேண்டாம் என்றா, எதற்காக எடுத்தேன் என்று இன்றுவரை தெளிவில்லை. எனக்கு முன்னால் அதை எடுக்க வேறு யாரும் குனியவில்லை, அது மட்டும் நிச்சயம்.

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே விசாரணை முடிந்துவிட்டது. நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். “அந்த நேரத்துல நெட்வொர்க் வேலை செஞ்சதா?” என்று கேட்டார்கள். “கேமரா எல்லாம் ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு சார்” என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஓடிய கேமராவையே சாட்சியாக வைத்து, அவர் வேண்டுமென்றே வாசலை அடைத்தார் என்று எழுதி வேலையிலிருந்து நீக்கினார்கள். அடித்தவர்கள் மேல் போட்ட வழக்கு ஒரு பக்கம் நடக்கிறது. அங்கேயும் அவர்கள் தரப்பு சொல்வது அதுதான்: சர்வர் ஓடியது, வேண்டுமென்றே எங்களை வெயிலில் காயப் போட்டான். அன்று வீட்டுக்கு வந்து என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “நீ அடிக்கல. அத முதல்ல மனசுல வையி. பிள்ளைய வச்சிக்கிட்டு நாம கோர்ட்டுக்கு அலைய முடியாது” என்றார். அவர் சொன்னது அக்கறையில்தான். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்த மின்னஞ்சலை அழிக்கவில்லை. ஒரு பிரதி எடுத்து, அட்டையோடு மடித்து வைத்தேன்.

போன வாரம் மகனை எல்கேஜியில் விட்டுவிட்டுத் திரும்பும்போது பள்ளிக்கூட வாசலில் அண்ணாச்சியின் மனைவி நின்றுகொண்டிருந்தார். எனக்காகத்தான் காத்திருந்தார். மணிக்கட்டில் நீலமாக ஒரு காயம். நான் பார்ப்பதைப் பார்த்து முந்தானையை இழுத்து மூடினார். “அவருதான். முந்தியெல்லாம் வெளிய அடிச்சிட்டு வருவாரு, வீட்டுல கையோங்க மாட்டாரு. இப்ப வெளிய போவ வழியில்லல்லா” என்றார். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தாயி, நான் ஒண்ணும் கேக்கதுக்கு வரல. அன்னைக்குச் சர்வர் நெசமாவே போச்சா? ஒனக்குத் தெரியுமில்லா. எம் மவ அவருட்ட பேசி ரெண்டு வருசம் ஆச்சு. ‘நீரு பொய் சொல்லித்தான அடி வாங்குனீரு’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டா. அவரு எந்திரிச்சி உள்ள போயிட்டாரு. வேலய விட்டு நீக்குனதுக்கு அவரு போட்ட கேசுக்கு அடுத்த மாசம் லேபர் கோர்ட்டுல கடைசித் தேதியாம். எனக்கு வேல வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அன்னைக்கு மட்டும் அவரு பொய் சொல்லலன்னு தெரிஞ்சா போதும்.”

“எனக்குச் சரியா ஞாபகம் இல்லக்கா” என்றேன். இந்தத் தடவை சொன்னது முழுப் பொய். அவர் என் கையை விடவில்லை. கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்துவிட்டு, “சரி தாயி, பிள்ளைய நல்லாப் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

அன்று மாலை சமையலறையில் இருந்தேன். மகன் பீரோவுக்குப் பின்னால் விழுந்த பொம்மை லாரியை எடுக்கப் போய், அட்டையை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறான். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அறை வாசலில் கையை நீட்டி நின்று, “யாரும் உள்ள வரக் கூடாது!” என்று கத்தினான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. என் கை எப்படிப் போனது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கதவு நிலையில் போய் மோதி விழுந்தான். கன்னத்தில் நான்கு விரல்கள் சிவப்பாக எழுந்தன. நான் இன்னொரு தடவை கையை ஓங்கியிருந்தேன். அவன் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. கழுத்திலிருந்த அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து என்னை நோக்கித் தூக்கினான். அடியைத் தடுக்கவா, “இதோ எடுத்துக்கொள்” என்று தரவா? பயத்தில் செய்தானா? கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியவில்லை. ராத்திரி தூங்கும் முன், “அம்மா, அதுல என்ன எழுதியிருக்கு?” என்று மட்டும் கேட்டான். வாசித்துக் காட்டினேன். “அப்டின்னா?” என்றான். நான் விளக்கை அணைத்தேன்.

அன்றிலிருந்து மின்னஞ்சல் பிரதி என் கைப்பையில் இருக்கிறது. தேதியும் நேரமும் அதில் தெளிவாக இருக்கின்றன. லேபர் கோர்ட்டில் கொடுத்தால் என் வேலை போகும், அது தெரிந்துதான் எடுத்து வைத்திருக்கிறேன். கணவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொல்வேன் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோர்ட்டுக்குப் போகும் முன் அண்ணாச்சி வீட்டுக்குப் போக வேண்டும். அவருடைய மகளும் இருக்கும்போது, அவரிடமே சொல்ல வேண்டும். அங்கேதான் தடுமாறுகிறேன். இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது இப்படி ஒருவர் முன்னால் போய் நின்ற அனுபவம் இருக்கலாம். இருந்தால் சொல்லுங்கள். அவருக்கு இடது காது கேட்காது, வலது கண் தெரியாது. நேர் எதிரே நிற்க எனக்குத் தைரியம் இல்லை. இடது பக்கம் நின்றால் என் முகத்தைப் பார்ப்பார், நான் சொல்வது விழாது. வலது பக்கம் நின்றால் எல்லாம் விழும், சொல்வது யார் என்று பார்க்க முடியாது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும்?